துறவிகள் பாடும் கிரகோரியன் பதிவுகள்: எது அசல், எதைக் கேட்கலாம்?

கேள்வி இது: "கத்தோலிக்கத் துறவிகள் பாடும் கிரகோரியன் பாடல் பதிவுகளைக் கொஞ்ச நாளாகக் கேட்டு வருகிறேன். பிடித்திருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே பாட்டு போலத் தோன்றுகிறது. சில பதிவுகள் விறுவிறுவென்று போகின்றன, சிலது இழுக்கின்றன. இதில் எது அசல்? எதைத் தேடிக் கேட்கலாம்?"

அசல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கிரகோரியன் என்பது கத்தோலிக்க வழிபாட்டில் துணை இசையில்லாமல் எல்லோரும் ஒரே மெட்டில் பாடும் இலத்தீன் பாட்டு. அதன் மெட்டுகள் பழையவை, பெரும்பாலானவை ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியவை. ஆனால் மென்மையாக, சுரங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளத்தில், உணர்ச்சியைக் கொட்டாமல் பாடும் அந்தப் பாணி, அதாவது "துறவிகள் பாட்டு" என்றதும் உங்கள் காதில் ஒலிக்கும் அந்தச் சத்தம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் ஒரு மடத்தில் உருவானது. அது உலகத்தின் காதில் ஏறியதற்கு இசைத்தட்டு ஒரு முக்கியக் காரணம். ஆகவே ஒவ்வொரு பதிவும் ஒரு பழைய கையெழுத்துப் பிரதியை எப்படி வாசிப்பது என்பதில் ஒரு தரப்பு. இது தெரிந்துவிட்டால், ஒரே மாதிரி ஒலித்த பதிவுகள் தனித்தனியாகப் பிரிந்து கேட்க ஆரம்பிக்கும்.

பெயரிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. 590 முதல் 604 வரை திருத்தந்தையாக (போப்பாக) இருந்த முதலாம் கிரகோரியார் காதில் புறா வடிவில் தூய ஆவி பாடல்களை ஓதியது என்பது பிற்காலக் கதை. இன்று நாம் பாடும் தொகுப்பு உருவானது 8, 9ஆம் நூற்றாண்டுகளில், பிராங்கியர் நாட்டில், அதாவது இன்றைய பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் அடங்கிய பகுதியில். அரசன் பெப்பினும் அவன் மகன் சார்லமேனும் ரோமாபுரி வழிபாட்டைத் தங்கள் நாட்டில் கொண்டுவர விரும்பினார்கள். ரோமில் இருந்து வந்த பாட்டும் உள்ளூர்ப் பாட்டும் கலந்து ஒன்றாயின. எழுதி வைக்க அப்போது சுரக்கோடுகள் கிடையாது. சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்தில் 10ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதிய பிரதி ஒன்று இருக்கிறது. அதில் வார்த்தைகளுக்கு மேல் சின்னச் சின்னக் கீறல்களும் வளைவுகளும்தான். பாட்டை ஏற்கெனவே மனப்பாடமாகத் தெரிந்தவருக்கு நினைவூட்டல், அவ்வளவுதான். எந்தச் சுரம் என்பதைக் கோடு போட்டுக் காட்டும் முறை இத்தாலியத் துறவி கீதோ தாரெட்சோவுடன் 11ஆம் நூற்றாண்டில் வந்தது. சுரம் துல்லியமானது. ஆனால் அந்தக் கீறல்கள் காட்டிய நீட்டல் குறுக்கல் நுணுக்கங்கள் மெல்ல மெல்ல மறைந்தன.

அதற்குப் பிறகு நெடிய சரிவு. 1614–15இல் ரோமில் அச்சான பாடல் நூலான மெடிச்சி பதிப்பு நீண்ட சுரக்கோவைகளை வெட்டித் தள்ளியது. 19ஆம் நூற்றாண்டு வாக்கில் பல ஆலயங்களில் இந்தப் பாடல்களைச் சுத்தியலால் அடிப்பதுபோல ஒவ்வொரு சுரமாக, கனமாக, மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

பிரான்சின் சார்த் பகுதியில் உள்ள சொலெம் மடம் பிரெஞ்சுப் புரட்சியில் காலியானது. அதை 1833இல் கெராஞ்சே என்ற குரு மறுபடி தொடங்கினார். வழிபாட்டைப் பழைய அழகோடு மீட்பது அவர் கனவு. அதற்காக அவருடைய துறவிகள் ஐரோப்பா முழுக்க நூலகங்களுக்குப் போய்ப் பழைய பிரதிகளைக் கையால் நகலெடுத்தார்கள். பின்னால் புகைப்படம் எடுத்தார்கள். 1889இல் மொக்கெரோ என்ற துறவி அந்தப் பிரதிகளைப் புகைப்படப் பதிப்பாக வெளியிடத் தொடங்கினார். அதில் ஒரு காரியம் செய்தார், வழக்கறிஞர் வேலை என்றே சொல்லலாம்: ஒரே ஒரு பாடலை எடுத்து, அது இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பக்கம் பக்கமாக அச்சிட்டுக் காட்டினார். வெவ்வேறு நாடு, வெவ்வேறு நூற்றாண்டு, ஆனால் மெட்டு ஏறத்தாழ ஒன்றே. அப்போது அதிகாரபூர்வமாக இருந்த வெட்டிச் சுருக்கிய பதிப்புக்கு இதன் பிறகு வாதமே இல்லாமல் போனது. 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் பழைய மெட்டுகளை மீட்க ஆணையிட்டார். 1908இல் வத்திக்கான் திருப்பலிப் பாடல் நூல் வந்தது. வேடிக்கை என்னவென்றால், இந்த வெற்றி வந்தபோது சொலெம் துறவிகள் சொலெமில் இல்லை. பிரெஞ்சு அரசின் மதச்சபைச் சட்டத்தால் 1901இல் வெளியேறி இங்கிலாந்தின் வைட் தீவில் தங்கியிருந்தார்கள். 1922இல்தான் திரும்பினார்கள்.

இனி பதிவுகள். 1904இல் கிரகோரியாரின் 1300ஆவது நினைவாண்டுக்கு ரோமில் மாநாடு நடந்தது. கிராமபோன் கம்பெனிக்காரர்கள் அங்கே போய்ப் பதிவு செய்தார்கள். மைக் இல்லாத காலம். பாடகர்கள் ஒரு பெரிய புனலைச் சுற்றி நெருக்கியடித்து நின்று பாட வேண்டும். அதனால் ஆலயத்தின் எதிரொலி துளியும் கிடையாது. குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல வறட்சியாக இருக்கும். அந்தப் பதிவுகளில் சொலெமைச் சேர்ந்த இருவர் தனித்தனியே பாடகர்களை நடத்துகிறார்கள். ஒருவர் மொக்கெரோ, மற்றவர் அவருடைய ஆசான் பொத்தியே. பேச்சின் ஓட்டத்தைப் பின்பற்றினால் போதும் என்றார் பொத்தியே. சுரங்களை இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக நுட்பமாக எண்ண வேண்டும் என்றார் மொக்கெரோ. ஒரே மடத்துக்குள்ளேயே ஒத்துப்போகாத விஷயம் இது. பிறகு வந்தவர்கள் எப்படி ஒத்துப்போவார்கள்?

1930இல்தான் பெரிய திருப்பம். மின் ஒலிப்பதிவு வந்துவிட்டது. கஜார் என்ற துறவி நடத்த, சொலெம் பாடகர் குழு 12 இசைத்தட்டுகள் வெளியிட்டது. தட்டின் ஒரு பக்கத்தில் நான்கு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் அடங்கும். எனவே அந்த நேரத்துக்குள் முடியும் பாடல்களே தட்டில் ஏறின. மூன்று மணி நேரம் நீளக்கூடிய இரவு வழிபாடு எங்கே, நான்கு நிமிடத் தட்டு எங்கே! "கிரகோரியன் பாட்டு" என்று ஒரு தனிப் பாட்டைக் கேட்டு ரசிக்கும் பழக்கம் இங்கே தொடங்கியது என்பது என் கருத்து. அதுவரை அது வழிபாட்டின் ஒரு துண்டு, தனியே பிரித்துக் கேட்கும் பொருள் ஆகியிருக்கவில்லை. கஜார் 1971 வரை குழுவை நடத்தினார். நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டுகளின் காலத்தில் நிறையப் பதிவு செய்தார். மற்ற நாட்டு மடங்களும் ஊர் ஆலயங்களின் பாடகர் குழுக்களும் அந்தத் தட்டுகளைக் கேட்டே பாடக் கற்றன. எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் கஜாரின் 1950கள், 60களின் பதிவுகளைச் சொல்வேன். நுனிகள் உருண்டு, வாக்கியம் முடியும்போது குரல் தானாக இறங்கி அடங்கும். சிலருக்கு இது கொஞ்சம் இனிப்பு அதிகம். எனக்கும் தவக்கால (ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் கால) பாடல்களில் அப்படித் தோன்றும்.

கஜார் பாடிக்கொண்டிருந்த அதே மடத்தைச் சேர்ந்த கார்தீன் என்பவர் ரோமில் பாடம் நடத்திக்கொண்டே சாங்க்ட் காலன் கீறல்களை மறுபடி உற்றுப் பார்த்தார். அங்கே சில சுரங்களுக்கு மேல் 'சி' என்ற எழுத்து இருக்கிறது, வேகமாகப் போ என்று அர்த்தம். சிலவற்றுக்கு மேல் 'டி', நிறுத்திப் பிடி என்று. அப்படியானால் எல்லாச் சுரமும் சமம் என்ற மொக்கெரோ வழி எப்படி நிற்கும்? 1979இல் சொலெமே ஒரு நூல் வெளியிட்டது: நடுவில் வழக்கமான சதுரச் சுரங்கள், மேலே கறுப்பில் பிரான்சின் லான் நகரப் பிரதியின் கீறல்கள், கீழே சிவப்பில் சாங்க்ட் காலன் வகைக் கீறல்கள். பாடகர் மூன்றையும் ஒரே நேரத்தில் பார்த்துப் பாடலாம். இந்த வழியில் பாடியவர்களில் ஜெர்மனியின் மூன்ஸ்டர்ஷ்வார்ட்சாக் மடத்துத் துறவிகளைத் தேடிக் கேளுங்கள். யோப்பிஷ் நடத்திய பதிவுகள் அவை. சொல் முன்னே வரும், இசை பின்னே ஓடும். ஒரு சொல்லை அழுத்த வேண்டிய இடத்தில் நிற்பார்கள், மற்ற இடத்தில் சரசரவென்று நழுவுவார்கள். உங்களுக்கு "விறுவிறு" என்று தோன்றியது இந்த வகையாக இருக்கலாம்.

இடையில் சந்தை ஒரு விளையாட்டு விளையாடியது. ஸ்பெயினின் புர்கோஸ் அருகே உள்ள சீலோஸ் மடத்துத் துறவிகள் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் பாடிப் பதிவு செய்தவற்றை 1993இல் ஒரு கம்பெனி தொகுத்து விற்றது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வெளியானபோது அந்நாட்டு இசை விற்பனைப் பட்டியலான பில்போர்டில் மூன்றாம் இடம் வரை போனது. பாப், ராக், ராப் எல்லாம் இருக்கும் அதே பட்டியலில். பல லட்சம் பேர் வாங்கினார்கள். நீல வானத்தில் மேகங்களுக்கு நடுவே துறவிகள் மிதப்பது போன்ற அட்டை. மன அழுத்தத்துக்கு மருந்து என்கிற மாதிரி விளம்பரம். பாடிய துறவிகள் அப்படி எதையும் நினைத்துப் பாடவில்லை. இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. சீலோஸ் பகுதியின் சொந்தப் பாட்டு கிரகோரியன் இல்லை. பழைய ஹிஸ்பானிய வழிபாட்டுக்கென்று வேறு இசை இருந்தது. 1080இல் புர்கோஸில் கூடிய திருச்சபைச் சங்கம் அதை நீக்கி ரோம முறையைக் கொண்டுவந்தது. கோடு போட்டு எழுதும் முறை வருமுன்னே வழக்கொழிந்ததால் அந்த மெட்டுகளில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றை இன்று யாராலும் வாசிக்க முடியாது. சீலோஸ் மடமும் 19ஆம் நூற்றாண்டில் மூடப்பட்டு, 1880இல் பிரெஞ்சுத் துறவிகளால் மறுபடி தொடங்கப்பட்டது. அவர்கள் சொலெமின் கிளை மடமான லிகுஜேயிலிருந்து வந்தவர்கள். "ஸ்பானியத் துறவிகளின் தொன்மையான குரல்" என்று விற்றது உண்மையில் சொலெமின் பேரப்பிள்ளை. அதற்காகப் பதிவு மோசம் என்று சொல்லமாட்டேன். பயிற்சி பெற்ற பாடகர்கள் அல்லாத, வயதும் குரலும் கலந்த மனிதர்கள் பாடுகிறார்கள் என்பது கேட்கும்போதே தெரியும். அதுதான் அதன் பலம்.

அந்த விற்பனையைப் பார்த்துப் பிறகு பலர் வந்தார்கள். 1133இல் தொடங்கிய ஆஸ்திரியாவின் ஹைலிகன்க்ராய்ட்ஸ் மடத்தினர் 2008இல் பெரிய இசைக் கம்பெனி ஒன்றின் அழைப்புக்குத் தங்கள் யூடியூப் இணைப்பை அனுப்பி வாய்ப்பு பெற்றார்கள். சிஸ்டர்சியன் என்ற துறவற சபையினர் என்பதால் அவர்கள் மரபு வேறு. 12ஆம் நூற்றாண்டில் அந்தச் சபை நீண்ட அலங்காரங்களைக் கத்தரித்துப் பாட்டை எளிமையாக்கியது. இத்தாலியில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) பிறந்த ஊரான நோர்ச்சாவின் துறவிகள் 2015இல் வெளியிட்ட தொகுப்பும் அமெரிக்க சாஸ்திரிய இசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. மறு ஆண்டு அக்டோபர் 30 நிலநடுக்கத்தில் அவர்களுடைய பசிலிக்கா முகப்பு மட்டும் நிற்க இடிந்து விழுந்தது.

துறவிகள் என்று கேட்டீர்கள், ஆனால் கன்னியரை விட்டுவிடாதீர்கள். பிரான்சின் ஷூக் என்ற ஊரில் உள்ள பெனடிக்டின், அதாவது ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியர் மடத்தில் 2019 முதல் தினசரி வழிபாடு முழுவதையும் பதிவு செய்தார்கள். மூன்றாண்டு வழிபாட்டுச் சுழற்சி, ஏழாயிரம் மணி நேரத்துக்கு மேல். நியூம்ஸ் என்ற செயலியில் இலத்தீன் வரிகளோடும் சுரங்களோடும் கேட்கலாம். 1930இல் நான்கு நிமிடமாகத் துண்டானது இங்கே மறுபடி முழு நாளாகச் சேர்கிறது. இருமல் கேட்கும், சில நாள் சுருதி கொஞ்சம் இறங்கும். என் பார்வையில் இன்று கிடைப்பவற்றில் இதுதான் மிக முக்கியமான பதிவு.

எதிர்முனையில் பிரெஞ்சு இசைக்கலைஞர் மார்செல் பெரெஸின் குழு இருக்கிறது. இவர்கள் துறவிகள் அல்ல. ரோம் நகரத்தின் பழைய பாட்டை, கிரேக்க ஆலயப் பாடகர் ஒருவரின் துணையோடு, கீழே ஒரு ஆதார சுருதியை நிறுத்தி, கமகம் போன்ற அசைவுகளோடு பாடினார்கள். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிக்கும். சொலெம் பாணிக்காரர்கள் பலர் ஏற்கமாட்டார்கள். நிரூபிக்க முடியாத ஊகம் நிறைய உண்டு என்பது நியாயமான குறை. ஆனால் சொலெம் பாணியிலும் ஊகம் உண்டு, அது நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை.

சரி, "எல்லாம் ஒரே பாட்டு போல" என்ற குறைக்கு வருவோம். ஒரே பாடலை மூன்று நான்கு மடங்களின் குரலில் அடுத்தடுத்துக் கேளுங்கள், வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கிறிஸ்துமஸ் பகல் திருப்பலியின் வருகைப் பாடல் 'புவேர் நாத்துஸ் எஸ்த் நோபிஸ்' இதற்கு ஏற்றது. "நமக்கொரு குழந்தை பிறந்துள்ளது" என்ற எசாயா வாக்கு. முதல் சொல்லிலேயே குரல் ச-விலிருந்து ப-வுக்குத் தாவும். அந்தத் தாவலைச் சிலர் வெடிப்பாக, சிலர் நழுவலாகப் பாடுவார்கள். அதை முடித்துவிட்டு உயிர்ப்புப் பெருவிழாவின் (ஈஸ்டரின்) வருகைப் பாடல் 'ரெசுர்ரெக்ஸி'யைக் கேளுங்கள். ஆண்டின் மிகப் பெரிய விழா, ஆரவாரம் எதிர்பார்ப்போம். மெட்டோ சில சுரங்களுக்குள்ளேயே, அடக்கமாக, கிட்டத்தட்டத் தனக்குள் பேசுவதுபோலச் சுற்றிவரும். இந்த இரண்டும் ஒரே மாதிரி என்று அதன் பிறகு சொல்ல முடியாது.

எட்டு 'மோடுகள்' இந்த இசையின் அடிப்படை. நம் ராகத்தோடு ஒப்பிடத் தோன்றும், ஓரளவு சரியும்கூட: எந்தச் சுரத்தில் முடியும், எந்தச் சுரத்தில் நின்று ஓதும் என்பதை வைத்தே மோடு அமைகிறது. தாளம் இல்லை, இன்றைய பாடுமுறையில் கமகமும் இல்லை. விவிலியத்தின் திருப்பாடல்களை (சங்கீதங்களை) ஓதும்போது இதை எளிதில் பிடிக்கலாம். இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்கும் துறவிகள் ஒரு வரியை இவர்கள், அடுத்ததை அவர்கள் என்று மாறி மாறிப் பாடுவார்கள். ஒவ்வொரு வரியின் நடுவிலும் ஒரு நிறுத்தம் வரும். பெரிய கல் ஆலயத்தில் அந்த நிறுத்தம் நீளும், எதிரொலி அடங்கும்வரை காத்திருப்பார்கள். சின்னச் சிற்றாலயத்தில் குறையும். ஸ்டுடியோவில் செயற்கை எதிரொலி சேர்த்த பதிவில் இந்த இரண்டும் பொருந்தாது, கவனித்தால் பிடிபடும். வரிகளைத் தமிழில் பின்தொடர நினைத்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். இலத்தீன் விவிலியத்தின் திருப்பாடல் எண்கள் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும். பதிவின் அட்டையில் 90 என்று இருந்தால் நம் விவிலியத்தில் 91.

மிகப் பிரபலமான சில பாடல்கள் அவ்வளவு பழையவை இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். இலத்தீன் திருப்பலிக் காலத்தில் வளர்ந்த நம்மூர்ப் பெரியவர்களுக்குப் பழக்கமான 'மிஸ்ஸா தே ஆஞ்செலிஸ்' என்ற திருப்பலிப் பாடல் தொகுப்பின் பெரும்பகுதி 15, 16ஆம் நூற்றாண்டு மெட்டு. மாதா பாடலான 'சால்வே ரெஜினா'வின் எளிய மெட்டு 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம், நம் காலத்து மெட்டுக்கு அவை நெருக்கம். தமிழகத்துக்கு இன்னொரு நேரடித் தொடர்பும் உண்டு. குளித்தலை அருகே தண்ணீர்பள்ளியில் 1950இல் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான அபிஷிக்தானந்தா, அதாவது ஹென்றி லெ சோ, பிரிட்டனி பகுதியின் கெர்கோனான் மடத்துத் துறவி. அந்த மடம் சொலெம் குடும்பத்தைச் சேர்ந்தது.

இப்போது எச்சரிக்கைகள். "528 ஹெர்ட்ஸ் கிரகோரியன், டிஎன்ஏ சரிசெய்யும்" என்கிற வகைக் காணொளிகளை ஒதுக்குங்கள். இடைக்காலத் துறவிகளுக்கு நிலையான சுருதி என்று ஒன்றே இல்லை. எழுதிய சுரம், சுரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை மட்டும் காட்டும். அன்றைக்குக் குழுவின் குரலுக்கு எது வசதியோ அங்கிருந்து தொடங்குவார்கள், இன்றும் அப்படித்தான். நொடிக்கு இத்தனை அதிர்வு என்று அளந்து சுருதி வைக்கும் வழியே அவர்களிடம் இருக்கவில்லை. அதேபோல, பாடுவதை நிறுத்தியதும் ஒரு பிரெஞ்சு மடத்துத் துறவிகள் எல்லாம் சோர்ந்து விழுந்தார்கள், மறுபடி பாடியதும் எழுந்தார்கள் என்ற கதை அடிக்கடி சுற்றும். அதைச் சொன்னவர் தோமாத்தீஸ் என்ற பிரெஞ்சு காது மருத்துவர். அவர் வாயால் வந்த கதை, சோதித்து நிறுவிய ஆய்வு அல்ல. சீராக மூச்சுவிட்டு மெதுவாகப் பாடினால் மனம் அமைதியாகும் என்பதற்கு இவ்வளவு மந்திரம் தேவையில்லை.

எந்த மடம், யார் நடத்தியது, எந்த ஆண்டு என்று மூன்றும் இல்லாத எட்டு மணி நேரத் தொகுப்புகளையும் நம்ப வேண்டாம். பலவற்றில் நாலு பாடல்கள் சுழன்று சுழன்று வரும், பின்னணியில் கீபோர்டு ஓசை நிற்கும். இப்போது இயந்திரம் உருவாக்கிய குரல்களும் வருகின்றன. அவற்றில் இலத்தீன் சொற்களே இருக்காது, இலத்தீன் போல ஒலிக்கும் அசைகள்தான். மெட்டுகளுக்கு யாரும் உரிமை கோர முடியாது, ஆனால் பதிவுகளுக்கு உரிமையாளர் உண்டு. மடங்கள் பல தங்கள் சிடிகளைத் தாங்களே விற்கின்றன, அது அவர்களுடைய வருமானத்தில் ஒரு பங்கு. வாங்குவதானால் உள்ளே கையேடு இருக்கிறதா என்று பாருங்கள். சொலெமின் சிடி கையேடுகளில் பாடல் வரியும் மொழிபெயர்ப்பும் எந்த நாளுக்கு உரியது என்பதும் இருக்கும். முதலில் வாங்க ஒன்று மட்டும் சொல்லச் சொன்னால், பெரிய விழாக்களின் தொகுப்பை விட்டுவிட்டு, ஒரு மடத்தில் உறங்கப் போகுமுன் பாடும் இரவு மன்றாட்டு முழுவதும் அடங்கிய பதிவைத் தேர்ந்தெடுங்கள். பெனடிக்டின் மரபில் அதே மூன்று திருப்பாடல்கள், நம் எண்ணில் 4, 91, 134, தினமும் வரும். கடைசியில் மாதாவுக்கு ஒரு பாடல். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.